தேற்றமும் தேக்கரண்டியும்

('மனிதனை வாழவைப்பது பெரிதும் அறிவே! அன்பே!' என்னும் தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'அன்பே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் அறிவுமிக்க எதிரணி நண்பர்களே... பாருங்க, அறிவுமிக்கன்னு சொன்னதும் அவங்களே கைதட்டிக்கிறாங்க. (சிரிப்பு) என் அணியின் அன்பு உள்ளங்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, குழந்தைகளே!

தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் கூச்சப்பட வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். நான் பேசப்போவதே சாப்பாட்டைப் பற்றித்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன். இந்த மாதிரி மேடைகளில் தமிழய்யாக்கள்தான் அதிகம் ஏறுவார்கள். அவர்களுக்கு ஆபத்து என்றால் கம்பன் ஓடி வருவார், வள்ளுவர் ஓடி வருவார். எனக்கு யார் வருவார்? பித்தாகரஸைக் கூப்பிட்டேன்னா பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிடுவீங்க. (சிரிப்பு)

ஆனால் எதிரணித் தலைவர் ஒரு சவால் விட்டாரே, கவனித்தீர்களா? "அறிவு இல்லாமல் கெட்டவன் ஆயிரம் பேரைக் காட்டுகிறேன். அறிவு உச்சத்தில் இருந்தும் அன்பு ஒன்று இல்லாததால் உயிரை விட்டவன் என்று ஒரே ஒரு ஆளைக் காட்ட முடியுமா?" என்று மேசையைத் தட்டிக் கேட்டார். மேசைக்கு வலித்திருக்கும். (சிரிப்பு) ஐயா, ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறேன். கதை இல்லை, கற்பனை இல்லை. ஊர், பேர், தேதி எல்லாம் இருக்கிற மனிதர். அவர் பெயர் குர்ட் கோடல்.

கோடல் என்றதும் தமிழய்யாக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கோடல் நம்ம சொல். கோடல் என்றால் கொள்ளுதல், வாங்கிக்கொள்ளுதல். நன்னூலிலே மாணவன் பாடத்தை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற இடத்துக்கே 'கோடல் மரபு' என்றுதான் பெயர். நான் சொல்லும் மனிதர் ஜெர்மன் மொழிக்காரர். அவர் பெயருக்கும் நம்ம சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்தப் பொருளை மட்டும் மனசின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி பர்னோ என்ற நகரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம். இன்றைக்குச் செக் நாடு. அப்பா துணி ஆலையை நிர்வகித்தவர். வசதியான வீடு. பிள்ளை வாயைத் திறந்தால் "ஏன்?" என்பான். வீட்டிலே அவனுக்கு வைத்த செல்லப் பெயரே 'திருவாளர் ஏன்'. நம்ம வீட்டுப் பிள்ளைகளும் ஏன் ஏன்னு கேக்குது. நாம என்ன சொல்றோம்? "வாயை மூடிக்கிட்டு சாப்பிடு"ங்கிறோம். வாயை மூடிக்கிட்டு எப்படிங்க சாப்பிடறது? (சிரிப்பு)

அந்தப் பையனுக்குச் சின்ன வயசில் வாதக்காய்ச்சல் வந்தது. குணமாகியும் விட்டது. பிறகு ஒருநாள் மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தான். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதயம் பழுதாகலாம் என்று அதில் போட்டிருந்தது. அவ்வளவுதான். 'என் இதயம் பழுது' என்று முடிவு கட்டிவிட்டான். டாக்டர்கள் இல்லை என்று சொல்லியும், சாகிற வரைக்கும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு அறிவு கொடுத்த முதல் பரிசு பயம்! எதிரணி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1924-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். இயற்பியல் படிக்கப் போனவர் கணிதத்துக்குத் தாவி, அங்கிருந்து தர்க்கத்துக்கு, அதாவது கணிதமே எந்த நியாயத்தின் மேல் நிற்கிறது என்று ஆராய்கிற துறைக்கு வந்து சேர்ந்தார். வீட்டைக் கட்டுகிறவர்கள் மற்ற கணிதக்காரர்கள். இவர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கிறவர்.

அந்தக் காலத்தில் கணித உலகத்தின் சக்கரவர்த்தி ஜெர்மனியின் ஹில்பர்ட். அவருக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. கணிதம் முழுவதையும் ஒரு சில அடிப்படை விதிகளுக்குள் அடக்கிவிட வேண்டும்; அந்த விதிகளுக்குள் ஒன்றுக்கொன்று முரண்பாடு வராது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட வேண்டும். அப்புறம் எந்தக் கேள்விக்கும் ஆமாம், இல்லை என்று விடை கண்டுவிடலாம். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் ஒரு மாநாடு. கடைசி நாள் விவாதத்தில், 24 வயசுப் பையன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் சொல்கிறான். அந்த வாக்கியத்தில் ஹில்பர்ட்டின் கனவுக்கு வேட்டு இருக்கிறது என்பது அந்த அரங்கத்தில் அநேகமாக யாருக்குமே உறைக்கவில்லை. ஃபான் நாய்மன் என்ற மேதை ஒருவர் மட்டும் அவனைத் தனியே அழைத்துப் போய் விவரம் கேட்டார். அது செப்டம்பர் 7-ஆம் தேதி. மறுநாள் 8-ஆம் தேதி, அதே ஊரில், ஹில்பர்ட் உரையாற்றுகிறார். நாம் அறிந்தே ஆக வேண்டும், அறியத்தான் போகிறோம் என்று முடித்தார். அந்தச் சொற்களைத்தான் பிற்பாடு அவர் கல்லறையிலும் செதுக்கினார்கள். முதல் நாளே ஒரு பையன் அதற்குப் பதில் சொல்லிவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது.

அப்படி என்ன சொல்லிவிட்டான்? கணக்கு வாத்தியார் மேடைக்கு வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் என் மாணவர்கள் சும்மா விடமாட்டார்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

ஒருத்தர் உங்களிடம் வந்து, "நான் இப்ப சொல்றது பொய்" என்கிறார். அவர் சொன்னது உண்மையா, பொய்யா? உண்மை என்றால் அவர் சொன்னபடியே அது பொய். பொய் என்றால் அவர் சொன்னது சரியாகிப் போகிறது, அப்போது உண்மை. இது பழைய கிரேக்கக் காலத்து விளையாட்டு. கோடல் இதில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். பொய் என்பதை எடுத்துவிட்டு, 'நிரூபிக்க முடியாது' என்று போட்டார்.

ரேஷன் கார்டுக்கு நம்பர் இருக்கிற மாதிரி, கணிதத்தில் வருகிற ஒவ்வொரு குறிக்கும் ஒரு நம்பர் கொடுத்தார். குறிகள் சேர்ந்தால் வாக்கியம். அதற்கும் ஒரு நம்பர். வாக்கியங்கள் சேர்ந்தால் நிரூபணம். அதற்கும் ஒரு நம்பர். இப்போது என்ன ஆயிற்று? எண்களைப் பற்றிப் பேசுகிற கணிதம், தன்னைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டது. அப்படிப் பேசவைத்து, "இந்த விதிகளை வைத்து என்னை நிரூபிக்க முடியாது" என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கட்டினார். அதை நிரூபித்துவிட்டால், நிரூபிக்க முடியாது என்று அது சொன்னது பொய். பொய்யை நிரூபித்த விதிகள் கெட்ட விதிகள். விதிகள் நல்ல விதிகள் என்றால் அதை நிரூபிக்க முடியாது. அப்போது அது சொன்னது மெய். மெய்தான், ஆனால் நிரூபிக்க முடியாது! கூட்டல் பெருக்கல் செய்கிற அளவுக்கு வலுவான எந்த விதித் தொகுப்புக்கும் இந்தக் கதிதான்.

இதன் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது தேற்றம் வருகிறது. அந்த விதிகள், 'எங்களுக்குள் முரண்பாடு கிடையாது' என்பதைத் தங்களை வைத்தே நிரூபித்துக்கொள்ள முடியாது. முன்பெல்லாம் நம்ம மார்க் ஷீட் நகலுக்குக் கெஜடட் ஆபீசர் கையெழுத்து வாங்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? பச்சை மையோடு ஒருத்தரைத் தேடி அலைவோம். நமக்கு நாமே போட்டுக்கொள்ள முடியாது. இப்ப சுயசான்று போதும்னு கவர்மென்டே சொல்லிடுச்சு. கணிதம் மட்டும் இன்னும் சொல்லலை! (சிரிப்பு, கைதட்டல்)

1931-இல் இது அச்சில் வந்தது. அன்றிலிருந்து, அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு தர்க்கத்தில் இவர்தான் என்று பெரியவர்கள் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. வாக்கியத்தை எண்ணாக்கி, எண்ணை வைத்தே வாக்கியத்தை ஆராயலாம் என்ற அந்த வழியில்தான் 1936-இல் டியூரிங் என்ற ஆங்கிலேயர் நடந்தார். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற செல்போனில் எழுத்து, பாட்டு, படம் எல்லாமே எண்ணாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தேற்றத்தை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, அறிவு தோற்றது, கணிதமே பொய்" என்று சிலர் மேடை மேடையாகப் பேசுகிறார்கள். தப்பு. கணிதம் தோற்கவில்லை. தன் எல்லை எது என்பதைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன துறை அது. (எதிரணி கைதட்டுகிறது) தட்டுங்க, தட்டுங்க. வாதத்துக்காகத் தேற்றத்தைத் திரித்தால் நாளைக்கு வகுப்பில் நான் எப்படிப் போய் நிற்பது? என் வழக்கு தேற்றத்தில் இல்லை. அந்தத் தேற்றத்தை எழுதியவரின் அடுப்பங்கரையில் இருக்கிறது.

அவர் மாணவராக வியன்னாவில் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண். பெயர் அடேல். இவரைவிட ஆறு வயசு மூத்தவர். ஏற்கெனவே கல்யாணமாகி மணவிலக்குப் பெற்றவர். ஓர் இரவு விடுதியில் வேலை. நடனக்காரி என்று ஊர் சொன்னது. மதத்திலும் வேறு பிரிவு. பெரிய படிப்பும் கிடையாது. இந்தச் சம்பந்தத்தை எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? ஆஸ்திரியாவிலும் ஒத்துக்கொள்ளவில்லை! பத்து வருஷம். கூடப் படித்த, கூட வேலை பார்த்த பல பேருக்கு இப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது. 1938 செப்டம்பர் 20-ஆம் தேதி கல்யாணம் செய்துகொண்டபோது, "இவருக்கா?" என்று வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்குள்ளே அந்தப் பெண் செய்த வேலையைத்தான் நான் சொல்ல வந்தேன். 1934-லிருந்தே கோடலுக்கு மனம் சரியில்லாமல் போய்ப் போய் வந்தது. சானடோரியத்தில் சேர்ந்து சிகிச்சை எடுத்தார். 1936 ஜூன் 22-ஆம் தேதி, அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான ஷ்லிக் என்ற தத்துவப் பேராசிரியரை, பழைய மாணவன் ஒருவன் பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொன்றான். அது கோடலை நொறுக்கிவிட்டது. யாரோ தனக்கு விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் இன்னும் ஆழமாக இறங்கியது. சாப்பாட்டைத் தொட மாட்டார்.

சிரிக்காதீர்கள் ஐயா. இது பிடிவாதம் இல்லை, நோய். இதற்கு ஊரில் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதை நான் இந்த மேடையில் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய தர்க்கம் அப்போதும் துருப்பிடிக்கவில்லை. இந்தத் தட்டில் விஷம் இருக்கலாமா? இருக்கலாம். இல்லை என்று உன்னால் நிரூபிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் சாப்பிடலாமா? கூடாது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. உலகத்திலேயே தர்க்கத்தில் இவரை மடக்க ஆள் இல்லை. யார் போய் வாதாடி ஜெயிக்கப் போகிறார்கள்? நான் போய் ஜெயிக்கவா? எதிரணித் தலைவர் மேசையைத் தட்டி ஜெயிக்கவா?

அடேல் வாதாடவில்லை. தட்டை எடுத்தார். ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கினார். அப்புறம் அடுத்த கரண்டியை அவருக்குக் கொடுத்தார். (கைதட்டல்)

எனக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அம்மா கஷாயம் வைப்பார். வாயைத் திறக்க மாட்டேன். அம்மா முதலில் ஒரு மடக்குத் தான் குடித்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், "பாரு, இனிக்குது" என்பார். அது கசக்கும் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். (சிரிப்பு) ஆனால் குடித்துவிடுவேன். அடேல் வைத்தது கஷாயம் இல்லை, உயிர்ச்சோறு. ஒருநாள் இரண்டு நாள் இல்லை. நோய் கூடும்போதெல்லாம், பல வருஷம், பல ஆயிரம் கரண்டி.

நடுவர் அவர்களே, இன்னொரு காட்சி. 1939. வியன்னா நாஜிகள் கையில். கோடல் யூதர் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அறிவாளி மாதிரி இருந்தார். அந்தக் காலத்தில் அதுவே குற்றம். தெருவில் கணவனும் மனைவியும் நடந்து போகிறார்கள். இளைஞர் கூட்டம் ஒன்று யூதர் என்று நினைத்துப் பாய்ந்து கண்ணாடியைத் தட்டிவிட்டது. உலகப் புகழ் பெற்ற தர்க்க மேதை என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அடேல் கையில் குடை இருந்தது. அந்தக் குடையாலேயே அவர்களை விளாசி விரட்டினார். எந்தத் தேற்றத்தையும் பயன்படுத்தவில்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதற்கு முன்பே ராணுவத்தில் அவரைப் பரிசோதித்து, வேலைக்குத் தகுதி என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிற மனிதர் கையில் துப்பாக்கி! இனி இருக்க முடியாது என்று 1940 ஜனவரியில் இருவரும் கிளம்பினார்கள். அட்லாண்டிக் கடலில் போர். எனவே நேர் எதிர்த் திசையில், மாஸ்கோ வழியாக, சைபீரிய ரயிலில் விளாதிவோஸ்டாக் வரை; அங்கிருந்து ஜப்பான்; அங்கிருந்து கப்பலில் சான்பிரான்சிஸ்கோ. மார்ச் 4-ஆம் தேதி போய் இறங்கினார்கள். உலகத்தையே முக்கால்வாசி சுற்றிப் பிரின்ஸ்டன் போய்ச் சேர்ந்தார். பழைய நண்பர் மார்கன்ஸ்டர்ன், பொருளாதாரப் பேராசிரியர், ஆவலோடு கேட்கிறார்: "வியன்னா எப்படி இருக்கிறது?" நாடே எரிந்துகொண்டிருக்கிறது. இவர் சொன்ன பதில்: "காபி மகா மட்டம்." (சிரிப்பு) நம்ம கும்பகோணத்துக்காரங்க யாராவது இருந்தா சந்தோஷப்படுவீங்க.

எதிரணி நண்பர் இப்போதே சீட்டில் எதையோ எழுதுகிறார். என்ன எழுதுகிறார் என்று நானே சொல்லிவிடுகிறேன். "அமெரிக்காவுக்கு அவரைக் கூப்பிட்டது எது? அவருடைய அறிவுதானே?" ஆமாம் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அவர் மேதை என்பதால்தான் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அழைத்தது. 1951-இல் வயிற்றுப் புண் வெடித்து, ரத்தம் போய், சாகக் கிடந்தபோது ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்ததும் மருத்துவர்களின் அறிவுதான். இதையெல்லாம் மறைக்க மாட்டேன். டிக்கெட்டை அறிவு வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்த ரயிலில், அத்தனை ஆயிரம் மைல், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது யார்?

பிரின்ஸ்டனில் அவருக்கு வாய்த்த நண்பர் யார் தெரியுமா? ஐன்ஸ்டைன்! இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து போவார்கள், நடந்து வருவார்கள். கடைசிக் காலத்தில் ஐன்ஸ்டைன், தன் ஆராய்ச்சிகூட இப்போது பெரிதாகப் படவில்லை, கோடலோடு வீட்டுக்கு நடந்து போகும் பாக்கியத்துக்காகத்தான் அலுவலகம் வருகிறேன் என்று சொன்னதாக மார்கன்ஸ்டர்ன் எழுதியிருக்கிறார்.

அமெரிக்கக் குடியுரிமைக்கு 1947 டிசம்பரில் நீதிபதி முன்னால் போக வேண்டும். சாட்சி, ஐன்ஸ்டைனும் மார்கன்ஸ்டர்னும். பரீட்சை என்றால் நம்மாள் விடுவாரா? அரசியல் சட்டத்தை வரி வரியாகப் படித்து, அதில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார். சட்டப்படியே இந்த நாட்டில் ஒரு சர்வாதிகாரி வந்துவிட முடியும், என்னிடம் நிரூபணம் இருக்கிறது என்கிறார். நண்பர்கள் பதறிப்போய், "அதை மட்டும் அங்கே பேசாதே" என்று வழியெல்லாம் சொல்லி அழைத்துப் போகிறார்கள். நீதிபதி நல்லவர். பேச்சுவாக்கில், உங்கள் நாட்டில் சர்வாதிகாரம் வந்துவிட்டது, நல்லவேளை இங்கே அது நடக்காது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். "நடக்கும்! நிரூபித்துக் காட்டுகிறேன்" என்று ஆரம்பித்துவிட்டார் கோடல். (சிரிப்பு) நீதிபதி புரிந்துகொண்டு, அதற்குள் போக வேண்டாம் என்று பேச்சை மாற்றிக் குடியுரிமைக்கு வழிவிட்டார். அந்த நிரூபணம் என்ன என்று கேட்காமல் விட்டதில் எனக்குக் கணக்கு வாத்தியாராக வருத்தம். மனிதனாகச் சந்தோஷம்.

அவருக்கு இப்படி ஐன்ஸ்டைன் இருந்தார். அடேலுக்கு யார் இருந்தார்கள்? ஆங்கிலம் சரளமாக வராது. குழந்தை இல்லை. பேராசிரியர்களின் மனைவிமார் மத்தியில் இவர் படிக்காதவர், நாகரிகம் தெரியாதவர். பிரின்ஸ்டனில் வாங்கிய வீட்டின் முன்னால், தோட்டத்தில், இளஞ்சிவப்பில் ஒரு பூநாரைப் பொம்மையை வைத்தார். படித்தவர்கள் முகம் சுளிக்கிற மாதிரியான பொம்மை. கோடல் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி எழுதுகிறார். என்ன எழுதினார்? மகா அழகாக இருக்கிறது என்று எழுதினார்! இருபதாம் நூற்றாண்டின் தர்க்க மேதை அந்தப் பொம்மைக்கு நிரூபணம் கேட்கவில்லை. (கைதட்டல்)

வருஷங்கள் ஓடின. விருதுகள் வந்தன, பேராசிரியர் பதவி வந்தது. 1955-இல் ஐன்ஸ்டைன் போய்விட்டார். அடேலுக்கும் வயசாகிப் பக்கவாதம் வந்தது. அப்போது நடந்ததை எல்லோரும் சொல்வதில்லை, நான் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு டம்ளரை நகர்த்தி வைத்திருப்பாரோ மாட்டாரோ, அந்த மனிதர், எழுபது வயசை நெருங்கும்போது, தானே நோயாளியாக இருந்துகொண்டு, மனைவியைப் பார்த்துக்கொண்டார். வீட்டு வேலை செய்தார். வாங்கிக்கொள்ள மட்டுமே தெரிந்தவர் என்று அவரை நான் சொன்னால் அது பாவம்.

1977 ஜூலையில் அடேலுக்குப் பெரிய அறுவை சிகிச்சை. மாதக் கணக்கில் வீட்டுக்கு வர முடியாமல் மருத்துவமனைப் படுக்கை. அதே ஜூலையில் மார்கன்ஸ்டர்னும் இறந்துபோனார். தினமும் போன் பேசுகிற நண்பரும் இல்லை. வீட்டில் கோடல் தனியாக. பிரிட்ஜில் சாப்பாடு இருந்திருக்கும்; கடை பக்கத்தில்தான். பணத்துக்குக் குறைவில்லை. தட்டு இருக்கிறது, கரண்டி இருக்கிறது. முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஹாவ் வாங் என்று சீனாவில் பிறந்த தர்க்க அறிஞர் ஒருவர், கோடல் மேல் மிகுந்த மரியாதை உள்ளவர். தன் மனைவி சமைத்த கோழியை எடுத்துக்கொண்டு போனார். கோடல் சந்தேகமாகப் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை. வாங் அதை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். வாங் எத்தனை பெரிய அறிவாளி! கோடலின் தேற்றங்களை வரிக்கு வரி அறிந்தவர். அடேலுக்கு அதில் ஒரு வரி தெரியாது. கதவு யாருக்குத் திறக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

டிசம்பர் கடைசியில் அடேல் சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். பார்த்ததும் கெஞ்சி, மன்றாடி, 29-ஆம் தேதி மருத்துவமனையில் சேரச் சம்மதிக்க வைத்தார். அதையும் அவர் பேச்சைத்தான் கேட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1978 ஜனவரி 14. நம்ம ஊரில் பொங்கல் கொண்டாடுகிற நாள். பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோடல் இறந்தார். வயசு 71. எடை சுமார் 30 கிலோ. மரணச் சான்றிதழில் காரணம் எழுதியிருக்கிறார்கள்: ஊட்டமின்மை, பட்டினி. மனக்கோளாறினால் வந்த பட்டினி. (அரங்கில் அமைதி)

எதிரணித் தலைவர் ஐயா, நீங்கள் கேட்ட ஆள் இவர்தான். அன்பு ஒன்றே நோயைக் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடேல் நாற்பது வருஷம் கூட இருந்தும் அந்தப் பயம் போகவில்லையே. இன்றைக்கு இருக்கிற மருந்தும் மருத்துவமும் அன்றைக்கு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பட்டிமன்றத்தில் அன்புதான் பெரிசுன்னாங்கன்னு வீட்டிலேயே வச்சுக்காதீங்க. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த நாற்பது வருஷமும் அவர் உயிரோடு இருந்தார்.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம்.

கோடல் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார். நூலகத்தில் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுக்கிற சீட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். அச்சிடாத ஆராய்ச்சிகள், குறிப்புகள், பாதிக்கு மேல் பழைய ஜெர்மன் சுருக்கெழுத்தில். எல்லாம் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவர் போன மூன்று வருஷத்தில், 1981 பிப்ரவரி 4-ஆம் தேதி, அடேலும் போய்விட்டார். போகும்போது அந்தக் காகிதங்களை உயராய்வு நிறுவனத்துக்கே சேரும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒரு கணிதப் பேராசிரியர் இரண்டு வருஷம் உட்கார்ந்து அதையெல்லாம் பிரித்து அடுக்கிப் பட்டியல் போட்டார். 1986-லிருந்து 2003 வரை ஐந்து பெரிய தொகுதிகளாகக் கோடலின் எழுத்துகள் வெளிவந்தன. அதில் இருக்கிற தாள்களில் பலவற்றை, என்ன ஏதென்று புரியாமலே, ஒரு கிழவி கட்டிக் காத்துக் கொடுத்திருக்கிறார்.

இதோ, மணி அடித்துவிட்டார்கள். தட்டோடு உட்கார்ந்திருந்த தாய்மார்களே, என் பேச்சில் சோறு ஆறிப்போயிருக்கும். சாப்பிடுங்கள்.

(பலத்த கைதட்டல்)